கருகாத கதைகளும் ஒரு கருகிய கோட்டும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை, உன் பெரியம்மா, நம் தேய்ப்புக்கடையில் தேய்க்கிற மற்ற எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், உன் கோட்டு ஒன்றைத் தவிர. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு தூங்கி, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் மேலே சொல்கிறேன். (அண்ணா, கோட்டை முதல் வரியிலேயே கொண்டுவந்தது நான்தான். அம்மா அதைக் கடைசிப் பக்கத்தில், ஆசீர்வாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், வலிக்காமல் இறக்கலாம் என்று இருந்தாள். மையால் எழுதிவிட்டேன் அழிக்க முடியாது என்றதும், கழுதை, உன்னைப் போய் எழுதச் சொன்னேன் பார் என்றாள். வேறு வழி இல்லை அவளுக்கு. அவள் பேனாவைப் பிடித்தால் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிற மாதிரி அழுத்துகிறாள், தாள் கிழிந்து மேஜையில் எழுத்து விழுகிறது. அதனால் அவள் தேய்த்துக்கொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். பேச்சு அவளுடையது, பேனா என்னுடையது, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வாள். வாசித்துக் காட்டுவேன். எதை வாசிப்பது, எதைத் தாண்டுவது என்பது வாசிக்கிறவள் பாடு.)

போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய், கடிதத்தில் முடியாது. உன் கடிதம் வந்தது. கடைக்கு ஆவியில் அழுத்துகிற மெஷின் ஒன்று வாங்கு அம்மா, நாலு பேர் வேலையை அது ஒன்றே செய்யும், நீ கால் கடுக்க நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். என் கால் மேல் உனக்கு இருக்கிற அக்கறையைப் பார்த்து என் கண் கலங்கியது உண்மை. ஆனால் கண்ணா, நாலு பேர் வேலையை அது செய்யும் சரி, அந்த நாலு பேர் எங்கே போவார்கள்? நாலு பேர் பேச்சை அது பேசுமா? அதோடு அது ஓடும்போது புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்குமாம், பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதுகூடக் காதில் விழாதாம். அப்படியென்றால் எங்கள் வாசிப்பு நின்றுபோகும். எனக்கு உறுத்துவது அதுதான். நேரே வேண்டாம் என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று, மெஷின்காரரை வந்து காட்டச் சொல் என்று நானேதான் உனக்குப் பதில் போட்டேன். அந்த மனிதர் வந்தார். அதைச் சொல்வதற்கு முன்னால் வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு ஒன்றும் புரியாது. (சுருக்கமாகச் சொல்லம்மா என்றேன். நம்ம தொழிலே சுருக்கத்தை எடுக்கிறதுதானடி என்கிறாள். இந்த வீட்டில் யாரிடமிருந்து எனக்கு இந்த வாய் வந்தது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.)

நீ கிளம்பிப் போன கொஞ்ச நாளில் தேய்க்கிற அறை ரேடியோ வாயை மூடிக்கொண்டது. அறை அப்படியே ஊமையாகிவிட்டது. பெரியம்மா காலரைத் தேய்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள், மீசை மாமா கால்சட்டை மடிப்பை முறைத்துக்கொண்டு நிற்பார், புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் தும்முவாள். கஞ்சிப் பொடி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவளுக்குப் பெயரே இப்போது தும்மல்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். இந்த அமைதியைப் பொறுக்க முடியாமல், உன் தங்கையைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலோரம் உயரமான முக்காலியில் உட்கார வைத்து நூலகப் புத்தகம் வாசிக்கச் சொன்னேன். முதலில் குடும்பக் கதை வாசித்தாள். பெரியம்மா அழுதாள். காலரில் தண்ணீர் தெளிக்கிற வேலை மிச்சமானது, அந்த வகையில் எனக்குக் குடும்பக் கதை மேல் மரியாதை உண்டு. பிறகு துப்பறியும் கதை. அதில் யார் கொலைகாரன் என்று மீசை மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஓட்டலுக்குப் போக வேண்டிய தலையணை உறை வக்கீல் வீட்டுக்கும், வக்கீலின் உள்ளாடை ஓட்டலுக்கும் போய்விட்டன. ஓட்டலில் அதைத் தலையணைக்கு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பேய்க்கதை வந்தது, வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

பேய்க்கதையில் என்ன சிக்கல் என்று நீ கேட்கலாம். இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிற வரைக்கும் துணிக்கு நல்லது, நின்றால் கருகும். கை நிற்கக் கூடாது என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது. பயம் வந்தால் மனிதனுக்கு முதலில் நிற்பது கை. கதவு தானாகத் திறந்தது என்று இவள் வாசித்த அந்த நிமிஷம் மீசை மாமா கை நின்றது, தலையணை உறையில் பெட்டியின் அச்சு அப்படியே இறங்கியது. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, எனக்கு பயமெல்லாம் இல்லைம்மா, கதவு யாரு திறந்தான்னு யோசிச்சேன், அவ்வளவுதான் என்றார். அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. ஒரு பேய்க்கதை நன்றாக இருக்கிறதா என்று பெரிய படிப்பு படித்தவர்கள் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மாலையில் கூடையைத் திறந்து எத்தனை துணி கருகியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். பேய்க்கதை வாசிக்கலாம், ஆனால் மோசமாக எழுதப்பட்ட பேய்க்கதையாக இருக்க வேண்டும். (நூலகத்தம்மாவிடம் போய், ரொம்ப மோசமான பேய்க்கதை ஏதாவது இருக்கா மேடம் என்று கேட்ட முதல் நாள் அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது பழகிவிட்டது. எனக்கென்று கீழ்த்தட்டில் தனியாக எடுத்து வைக்கிறார். இது படு மட்டம்மா, நம்பி எடுத்துட்டுப் போ என்று அவர் சொன்னால் அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் நிம்மதி.)

அப்படி வாசித்ததில் என் அபிப்பிராயம் என்னவென்றால், 'ஈரப் பாதம்' என்று ஒன்று, மிக நல்ல புத்தகம், அதாவது மிக மோசமான புத்தகம். குளியலறையிலிருந்து ஒரு பேய் தினமும் ஈரக் காலோடு வந்து கூடம் முழுக்க நடந்துவிட்டுப் போகிறது. கதாநாயகி அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து மயங்கி விழுந்துகொண்டே இருக்கிறாள். குளியலறை வாசலில் ஒரு மிதியடி போட்டால் இரண்டாம் பக்கத்தில் கதை முடிந்திருக்கும். தும்மல்கூடக் கொட்டாவி விட்டாள். ஒரு மடிப்பு கலையவில்லை. அந்த எழுத்தாளர் நூறாண்டு இருந்து இதே மாதிரி எழுதிக் குவிக்க வேண்டும். அடுத்தது 'வெள்ளை உடுத்தியவள்'. செத்து நூறு வருஷம் ஆன ஒருத்தி வெள்ளை வெளேரென்று உடை உடுத்தி மாடிப்படியில் இறங்கி வருகிறாளாம். நூறு வருஷத்து வெள்ளைத் துணி எப்படி இருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா? மஞ்சளடித்து, மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போய், தொட்டால் தூளாகும். யார் துவைத்தது, யார் நீலம் போட்டது, கல்லறைக்குள் எந்தக் கல்லில் காயப்போட்டாள்? பேய் இருக்கிறது என்றால்கூட நம்பிவிடுவேன், இந்த வெண்மையை நம்ப மாட்டேன். அதே கதையில் கதாநாயகன் சட்டைக் கையில் பட்ட ரத்தத்தை வெந்நீரில் அலசுகிறான். அறையே கத்தியது. ரத்தத்தை வெந்நீரில் போட்டால் கறை செத்தாலும் போகாது, பச்சைத் தண்ணீர்தான் என்று பெரியம்மா புத்தகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அவன் கேட்கவில்லை, அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டான். நன்றாக வேண்டும்.

இதற்கு நடுவில் நூலகத்தம்மா ஒரு நாள் ஏமாந்துவிட்டார். அட்டை அசிங்கமாக இருந்ததால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து 'மேலே நடக்கிறவர்' என்ற புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், மேல் மாடியில் யாரோ நடக்கிற சத்தம், அவர்களுக்குள் சண்டை, போய்ப் பாரேன் என்கிறாள், காலையில் பார்க்கலாம் என்கிறான். நாங்களும் ஏதோ குடித்தனக்காரர் தகராறு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அத்தியாயக் கடைசி வரியில் தெரிகிறது, அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அன்று மேஜை விரிப்பு, வக்கீலின் கால்சட்டை, ஒரு நடனக்காரரின் பட்டுச் சட்டை, எல்லாம் ஒரே நொடியில் போயின. மிக அருமையாக எழுதியிருக்கிறார், ஒரு சொல் மிகை கிடையாது, ஆகவே அந்த மனிதரின் புத்தகம் இனி நம் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாதான் முன்னறையில் துணிக்குச் சீட்டு கட்டிக்கொண்டு இருப்பவர், எனக்கு இந்தக் கதையெல்லாம் காதிலேயே விழாது என்பவர். அவர் அன்று எழுந்து போய், நம் வீட்டுக்கு மாடி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். (இருக்கிறது. அவருக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து நான் உஷாராகிவிட்டேன். முன்னாடியே வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு, பயமான இடம் வந்தால் வாசிக்கும்போதே மாற்றிவிடுவேன். பேய் உள்ளே வந்தது, எல்லாரும் வேலையாக இருப்பதைப் பார்த்து அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிற்று, இப்படி. மீசை மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன பாப்பா, இப்பல்லாம் எல்லாப் பேயும் கதவைத் தட்டி அனுமதி கேட்டுட்டு வருது, ஒரு பேய் போகும்போது விளக்கை வேற அணைச்சுட்டுப் போச்சு என்றார். புது எழுத்தாளர் மாமா, பேய்க்கும் பொறுப்பு வேணும்னு எழுதுறார் என்றேன்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எடுத்த புத்தகத்தின் பெயர் 'கழற்றி வைத்த சூடு'. ஒரு வீடு, ஒரு அம்மா. அவள் மகன் தூர தேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், அவன் கோட்டு மட்டும் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது. தினமும் காலையில் அவள் போய் அதைத் தொட்டால், இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டின மாதிரி சூடாக இருக்கிறது. இதுதான் கதை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். துணி சூடாக இருப்பதில் என்ன பயம்? எங்கள் அறையில் சூடாக இல்லாத துணி எது? யாராவது தேய்த்திருப்பாங்க என்று தும்மல் சொன்னாள், அதோடு எல்லாரும் அந்தப் பேய்க்கு ஒரு தேய்ப்புக்கடையில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டோம். பத்து அத்தியாயம் வரைக்கும் ஒரு கைக்குட்டைகூடக் கருகவில்லை. இதைவிடப் பத்திரமான புத்தகம் கிடைக்காது என்று நானே சொன்னேன். (அதனால்தான் இதை மட்டும் நான் முன்கூட்டி வாசித்துப் பார்க்கவில்லை. சத்தியமாக அண்ணா, அன்றைக்கு நடந்ததில் என் கைவேலை எதுவும் கிடையாது. நான் குறும்பு செய்தால் நான்தான் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள் என்று உனக்கே தெரியும்.)

மெஷின்காரர் வண்டியில் மெஷினோடு வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் கையுறை, பேச்சில் வெண்ணெய். கடைக்கு வாங்கினால் இதைவிடப் பெரிதாக வருமாம், இது காட்டுவதற்காகச் சின்னது, அதனால் மூச்சும் கொஞ்சம் சின்னது. பெரிய வாய் மாதிரி கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை. துணியை நடுவில் வைத்து மேல் பலகையை இறக்கிப் பிடித்தால் ஆவி வந்து அழுத்துகிறது. ஆனதும் மணி அடிக்கும், உடனே தூக்கிவிட வேண்டும். (ஆவி வருகிற கதையே வேண்டாம் என்று நாங்கள் ஓடிக்கொண்டிருக்க, ஆவி வருகிற மெஷினையே வீட்டுக்கு அனுப்புகிறாய் நீ.) நான் அவரிடம் நேராகவே சொன்னேன். தம்பி, எங்க அறையில வேலை எப்படி நடக்குமோ அப்படியே நடக்கும், வாசிப்பு நிக்காது, அதுக்கு நடுவுல உங்க மெஷின் ஒரு துணியைப் பழுதில்லாம தேய்ச்சுக் காட்டட்டும், காட்டிட்டா வாங்கிக்கிறேன் என்றேன். அதுக்கென்னம்மா, கண்ணை மூடிட்டுக்கூடத் தேய்க்கலாம் என்றார். பெரியம்மா முகம் செத்துப்போயிற்று. மெஷின் வந்தால் முதலில் வீட்டுக்குப் போக வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும், என் கூடப் பிறந்தவள், என்னிடம் கேட்க மனமில்லாமல் தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தாள். மீசை மாமா மீசையைத் தடவவே மறந்து நின்றார். கனமான துணியாகக் கொடுங்கள் என்று மெஷின்காரர் கேட்டார். நான் உள்ளே போய் உன் கோட்டை எடுத்து வந்தேன்.

ஏன் உன் கோட்டு என்று கேட்பாய். வேலை நேர்முகத்துக்கு என்று வாங்கி, அந்த ஊர்க் குளிருக்கு இது பத்தாது என்று நீ விட்டுப்போனாயே, அந்தச் சாம்பல் கோட்டை நான் வாராவாரம் தேய்த்து மாட்டுகிறேன். போடுகிற ஆள் இல்லாத துணிக்கு எதுக்கு இஸ்திரி என்று அப்பா கேட்பார். சுருக்கம் விழுந்துடக் கூடாதே என்பேன். தேய்த்த பிறகு கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், பிறகு ஆறிவிடும், அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு தையலும் எனக்கு மனப்பாடம். எங்கே உள்துணி சுருங்கும், எந்தப் பக்கம் தோள் சாயும் என்று எனக்குத் தெரியும், மெஷின் எங்கே தப்பு செய்தாலும் நான் பிடித்துவிடலாம் என்றுதான் அதை எடுத்து வந்தேன். (இந்த இடம் சொல்லும்போது அம்மா பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். கை, கை என்று நான் கத்த வேண்டியதாயிற்று. தலையணை உறை தப்பியது.)

மெஷின்காரர் கோட்டை விரித்து வைத்துப் பலகையை இறக்கினார். புஸ் என்றது. உன் தங்கை விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அந்த அம்மா காலையில் எழுந்தாள், முகம் கழுவினாள், கதவுக்குப் பின்னால் போனாள், கோட்டில் கை வைத்தாள். அடுத்த வரி, கோட்டு சில்லென்று இருந்தது.

அவ்வளவுதான் கண்ணா. வேறு யாருக்கும் இது ஒரு வரியாகவே தெரியாது. பேய் இல்லை, ரத்தம் இல்லை, கதவுகூட ஆடவில்லை. எங்கள் அறையில் எல்லாக் கையும் நின்றது. பெரியம்மா கை நின்றது, மீசை மாமா கை நின்றது, தும்மலுக்கு வந்த தும்மல் பாதியில் நின்றது, அப்பா துணிச் சீட்டு கட்டும் நூலோடு முன்னறைத் திரைக்கு வெளியே நின்றார். என் கையும் நின்றது. எத்தனை வருஷத் தொழிலில் நிற்காத கை. மெஷினில் மணி அடித்தது. அது கதைக்குள் அந்த வீட்டு வாசலில் அடிக்கிற மணி என்றே எல்லாரும் நினைத்தோம். யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்க என்று பெரியம்மா கிசுகிசுத்தாள். அதற்கு மெஷின்காரர், தன் மெஷினின் மணியை நாள் முழுக்கக் கேட்டுப் பழகின அந்த மனிதர், பலகையை இரண்டு கையாலும் இறுக்கி அழுத்திக்கொண்டு, திறக்காதீங்க, யாரும் திறக்காதீங்க என்று அலறினார். யாரும் திறக்கவில்லை. மணி பாவம், அடித்து அடித்து ஓய்ந்தது. புகை வந்த பிறகுதான் எங்களுக்கு உலகம் தெரிந்தது. (கோட்டைக் கோட்டைவிட்டோம்.)

முதுகில் பலகை அளவுக்கு அப்படியே பழுப்பாக இறங்கிவிட்டது. மெஷின்காரர் அந்தப் புகைக்கு நடுவில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று முதலில் கேட்டது மன்னிப்பு இல்லை. கதையில அப்புறம் அந்தப் பையனுக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவருக்கும் ஒரு அம்மா ஏதோ ஊரில் இருப்பாள். டீ கொடுத்து உட்கார வைத்தேன். தம்பி, உங்க மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல, மணியெல்லாம் ஒழுங்கா அடிச்சுது, ஆனா பிடிக்கிறவர் மனுஷர்தானே, அதுக்கு எங்க மனுஷங்களே போதும் என்றேன். டீயைக் குடித்துவிட்டு மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு காலரைத் தேய்த்தாள், தண்ணீர் தெளிக்காமலே நனைந்திருந்தது. ஆகவே மெஷின் வேண்டாம் என்பது என் முடிவு. நீ கோபிக்க மாட்டாய் என்று தெரியும். என் காலுக்கு வேண்டுமானால் நிற்கிற இடத்தில் தடிப்பாக ஒரு விரிப்பு போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாமல் போய்விட்டது. புகையை விசிறி விரட்டிவிட்டுப் பார்த்தால் புத்தகத்தைக் காணோம். மெஷின்காரர் பதற்றத்தில் தன் சாமான்களோடு சேர்த்து எடுத்துப் போய்விட்டாராம், உன் தங்கை சொல்கிறாள். நூலகத்தில் வேறு பிரதி இல்லையாம். என் அபிப்பிராயம் கேட்டால், நான் கேட்டதிலேயே மிக நல்ல பேய்க்கதை அதுதான். ஒரு பேயும் வராமல் ஒரு ஆளைப் பயமுறுத்தினால் அதுதான் எழுத்து. அதனால் எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரே எரிச்சல். தேய்க்கும்போதெல்லாம் அந்தக் கோட்டு ஏன் சில்லென்று ஆனது, அந்தப் பையன் வந்தானா இல்லையா என்றே மனசு ஓடுகிறது. நீ அங்கே எங்காவது அந்தப் புத்தகம் கிடைக்கிறதா என்று பார். கிடைத்தால் கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுதி அனுப்பு. இரு, யாரோ துணி வாங்க வந்திருக்கிறார்கள், அப்பா ஆளை மாற்றிக் கொடுத்துவிடுவார், போய்விட்டு வருகிறேன்.

(அண்ணா, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அம்மா திரும்புவதற்குள். மெஷின்காரர் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. பாவம், அவர் தன் டையையே எங்கள் கடையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தகம் என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. அந்தப் புகையிலேயே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். அவன் வரவில்லை. கோட்டு அப்புறம் சூடாகவே இல்லை. தபால்காரர் வந்து கதவைத் தட்டுகிறார், அவள் எழுந்து போய்த் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், அதோடு புத்தகம் முடிகிறது. எத்தனையோ பேய்களுக்கு நான் புத்தி சொல்லித் திருத்தியிருக்கிறேன், இதையும் திருத்திவிடலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்தேன். அவன் வந்தான் என்று ஒரு வரி, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த வரி வந்ததும் ஒவ்வொரு தரமும் புத்தகத்தை மூடிவிட்டேன். கடையில் வைத்து அப்படி ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அதனால் முடிவை நீ எழுது. அந்தப் புத்தகத்தைத் தேடாதே, கிடைத்தாலும் வாசிக்காதே. உன் இஷ்டத்துக்கு எழுது. பையன் வீட்டுக்கு வரட்டும். ஏன் இவ்வளவு நாள் கோட்டு சூடாக இருந்தது என்பதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லு, எவ்வளவு மடத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, கதை நன்றாக இல்லையே என்று நம் கடையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவன் வந்து கோட்டு எங்கே என்று கேட்கட்டும், அவள் திட்டட்டும். உன் கையெழுத்து தெரியாமல் இருக்க வேறு யாரையாவது எழுதச் சொல். ஆனால் அவன் உள்ளே நுழைந்ததும் பேசுகிற முதல் பேச்சை மட்டும் நீ பேசுகிற மாதிரியே எழுது. அம்மா வருகிறாள்.)

வந்துவிட்டேன். நினைத்த மாதிரியே அப்பா ஒருவர் சட்டையை இன்னொருவரிடம் கொடுத்து, அவரும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவரை எழுதினாய் என்று உன் தங்கையைக் கேட்டால், கடைசி அத்தியாயம் வரைக்கும் என்கிறாள். சரி. உன் கோட்டுக்கு வருத்தப்படாதே. முதுகுத் துணியை மட்டும் எடுத்துவிட்டு அதே சாம்பலில் வேறு துணி வைத்துத் தைத்துத் தருவதாகத் தையல்காரர் சொல்லியிருக்கிறார். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதாம். ஆகவே வீட்டுக்கு வரும்போது முன்பக்கமாகவே வா. உன் பெரியம்மா, உன் காலருக்கு அதிகக் கஞ்சி போடாதே என்று சொல்லச் சொன்னாள். மீசை மாமா விசாரித்தார். தும்மல் ஒரு தும்மல் போட்டாள், அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். அப்பா சொல்லச் சொன்னது, நீ அங்கே குடியிருக்கிற கட்டிடத்துக்கு மேலே உண்மையிலேயே மாடி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்து எழுத வேண்டுமாம்.

உனக்கு ஒரு குறையும் வராமல், மனசில் சுருக்கம் விழாமல், கையும் காலும் சூடாக, நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, அந்த முடிவை எழுதி அனுப்பு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ரொம்ப நன்றாக எழுதிவிடாதே, சுமாராகவே எழுது. இவள் அதை வாசிக்கும்போது எங்கள் எல்லார் கையிலும் பெட்டி இருக்கும்.

(வாசித்துக் காட்டி முடித்துவிட்டேன், அம்மாவுக்குத் திருப்தி. இப்போது இந்தத் தாள்களை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் போட்டு, இஸ்திரி போட்டு நேராக்கித்தான் உறையில் வைப்பாளாம், சுருங்கின கடிதம் நம் வீட்டிலிருந்து போனால் கடைக்குக் கேவலமாம். நல்லவேளை, தேய்க்கும்போது கண்ணாடியில் ஆவி படரும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள், ஒரு எழுத்தும் தெரியாது. அதற்கு முன்னால் கடைசியாக ஒரு வரி இருக்கிறது, எழுதிக்கொள் என்கிறாள்.)

கண்ணா, இது உன் கைக்கு வரும்போது சில்லென்று இருந்தால் நீ எதுவும் நினைத்துக்கொள்ளாதே. இங்கிருந்து கிளம்பும்போது சூடாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா